நல்லூர்த் தேரைப் பதிந்து வைக்க ஒரு பெட்டி தேடியபோது

வெள்ளவத்தையிலிருந்து

அம்மாவுக்கு 78 வயது. முழங்கால் தேய்ந்ததிலிருந்து யாழ்ப்பாணப் பயணம் நின்றுவிட்டது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அவருக்கு இப்போது டிவிக்கு முன்னால்தான். 24ஆம் நாள் தேரன்று விடியவே முழுகி, கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடுவார். நான் வேலையால் வந்து சேர ஆறு மணியாகும். "நீயும் ஒருக்கா பார் பிள்ளை" என்பார். அப்போது திருப்பிப் போட ஒன்றும் இருக்காது.

அதற்காகத்தான் பதியும் வசதியுள்ள பெட்டி எடுத்தோம். கட்டணத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றினுடையது. பின்னால் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் மாட்டினால் பதியும். கடையில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: எத்தனை மணித்தியாலம் பிடிக்கும்? 500 ஜீபி போதும் என்றார்கள். போதும்தான், மூன்று வருடம் பதிந்தும் பாதிகூட நிறையவில்லை.

அந்தப் பதிவுகளில் ஒன்றில் அப்பா இருக்கிறார். அவர் போய்ச் சேருவதற்கு முந்திய வருடம் தம்பியோடு தேருக்குப் போயிருந்தார். கமரா கூட்டத்தின் மேல் மெல்லத் திரும்பும்போது வடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். இடுப்பில் சால்வை, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்திருக்கிறார். ஆறு செக்கன் இருக்கும். அம்மா அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

போன ஒக்டோபரில் ஓர் இரவு இடியோடு கரண்ட் போய் வந்தது. அதோடு பெட்டி செத்துவிட்டது. புதியது ஒன்று தந்தார்கள். பழைய ஹார்ட் டிஸ்கை அதில் மாட்டினேன். திரையில் வந்த வசனம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: இந்தச் சாதனம் ஃபோர்மட் செய்யப்பட வேண்டும், தொடரவா? ஓம் என்றால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். மடிகணினியில் மாட்டினாலும் அதே கேள்வி. தொலைபேசியில் கேட்டால், "அது அப்படித்தான் மிஸ், அந்தப் பெட்டியில் பதிந்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும்" என்றார்கள். வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

இனி வாங்குவதை விளங்கி வாங்க வேண்டும். வீட்டில் டிவி பதிபவர்கள் என்ன பாவிக்கிறீர்கள், எங்கே அடிபட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து

அக்கா, பதியும் பெட்டியை "டிவிஆர்" என்பார்கள், ஆனால் கடையில் அந்தச் சொல்லை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். நான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் நல்ல விலைக்கு ஒன்று கிடைத்ததென்று மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்தேன். வீட்டில் திறந்து பின்பக்கத்தைப் பார்த்தால் எட்டு வட்டத் துளைகள். அன்டெனா வயரும் போகாது, டிஷ் வயரும் போகாது. அது பாதுகாப்புக் கமராவுக்கான டிவிஆர். கொழும்பில் அந்தச் சொல்லுக்கு இப்போது கடைக்காரருக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அதுதான். அதற்குள் டியூனர் கிடையாது, சனல் தேடவே தேடாது.

முதலாளி நல்ல மனிதர், அடுத்த நாள் மாற்றித் தந்தார். "டிவி ரெக்கோர்ட் பண்ணும் ரிசீவர்" என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள்.

தெஹிவளையிலிருந்து

லண்டனில் இருக்கும் பெரியப்பா லீவில் வந்தபோது, அங்கத்தைய இலவச டிவியான ஃப்ரீவியூவைப் பதியும் ரெக்கோர்டர் ஒன்று கொண்டுவந்து தந்தார். உள்ளேயே ஹார்ட் டிஸ்க், ஒரே நேரத்தில் இரண்டு சனல் பதியலாம், அங்கே அவர் வருடக்கணக்காகப் பாவிப்பது. பிளக்கும் இங்கத்தைய சதுர மூன்று முனைதான், மாற்றியே தேவைப்படவில்லை. செருகினோம், லைட் எரிந்தது, சனல் தேட விட்டோம். 100 வீதமும் தேடி முடித்துவிட்டு, கிடைத்த சனல் 0 என்றது.

பெரியப்பாவின் முகம் வாடிப்போனது. பெட்டியில் பிழை இல்லை. அது பிரித்தானியாவின் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கச் செய்தது. எங்கள் மொட்டைமாடி அன்டெனாவில் வந்தது பழைய அனலொக். இரண்டும் வேறு பாஷை. பிறகு யோசித்தேன், எங்கள் டிவியிலும் ஒரு ரெக்கோர்ட் பட்டன் இருக்கிறது, அமத்தினால் இந்தச் சனலைப் பதிய முடியாது என்று வரும். அதுவும் இதே காரணம்தான். டிவிக்குள் இருக்கும் பதிவு வசதி பெரும்பாலும் டிஜிட்டல் சனலுக்கு மட்டும். பென் டிரைவ் சரியில்லை என்று நினைத்து நான் இரண்டு பென் டிரைவ் மாற்றியிருந்தேன்.

வெளிநாட்டுச் சொந்தம் ஆசையாகக் கொண்டுவருகிறேன் என்றால், டிவிக்கான பெட்டி மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மனவருத்தம் மிச்சம்.

பம்பலப்பிட்டியிலிருந்து

எங்களுக்கு இணைய வயரில் வரும் டிவி. முன்னால் போனதைப் பின்னால் இழுத்துப் பார்க்கலாம், அது எங்கள் வீட்டில் அல்ல, நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. பின்னேரச் செய்தி, பிள்ளைகளின் கார்ட்டூன், தவறவிட்ட நாடகம் எல்லாவற்றுக்கும் அது தாராளம். ஆனால் சில நாளில் அழிந்துவிடும், எடுத்து வைக்கவும் வழியில்லை. அன்றாடப் பார்வைக்கு வேறு பெட்டி வேண்டாம், நீங்கள் கேட்பதற்கு இது உதவாது.

வத்தளையிலிருந்து

நான் இலவசச் சனல் பிடிக்கும் செட்டலைட் ரிசீவர் ஒன்று வைத்திருக்கிறேன், யூஎஸ்பியில் பதியும். மூன்று விஷயத்தில் அடிபட்டேன், மூன்றையும் சொல்கிறேன்.

முதலாவது நேரம். ஏழு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சிக்கு டைமர் வைத்தால் ஒவ்வொரு தரமும் நடுவிலிருந்து பதிந்திருக்கும். இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் பார்த்தால், அந்த ரிசீவரின் மெனுவில் நேர வலயம் 5, 6 என்று முழு மணியில்தான் இருக்கிறது. எங்களுடையது ஐந்தரை. 5 என்று வைத்திருந்தேன், பெட்டியின் மணி அரை மணித்தியாலம் பிந்தி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது வாங்கப்போகும் பெட்டியின் மெனுவைக் கடையிலேயே திறந்து 5.30 இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, பென் டிரைவை எஃப்ஏடி 32 என்ற முறையில் ஃபோர்மட் செய்திருந்தேன். அதில் ஒரு கோப்பு 4 ஜீபியைத் தாண்டாது. சில பெட்டி துண்டு துண்டாகத் தொடர்ந்து பதியும், என்னுடையது அந்த இடத்தில் நின்றுவிட்டது. உங்கள் தேர் நேரலை போல மணிக்கணக்கில் ஓடும் ஒன்று அதில் முழுதாக வராது.

மூன்றாவது கரண்ட். 2022இல் மணிக்கணக்காக வெட்டிய நாட்கள் ஞாபகம் இருக்கும்தானே. பதிவு ஓடும்போது கரண்ட் போனால் அந்தக் கோப்பே திறக்காமல் போகலாம். கரண்ட் வந்ததும் சில பெட்டி தானாக எழும்பி டைமரைத் தொடரும், சிலது சிவப்பு லைட்டோடு தூங்கிக்கொண்டே இருக்கும். இது எந்தப் பெட்டியின் அட்டையிலும் எழுதியிருக்காது. அதனால் கடையிலேயே ஒரு பதிவைத் தொடங்கச் சொல்லிவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நான் இப்போது ரிசீவரையும் ஹார்ட் டிஸ்கையும், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பற்றரியில் தாங்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றில் போட்டிருக்கிறேன்.

மட்டக்குளியிலிருந்து

நான் டிவி, ரிசீவர் திருத்துகிறவன். 20 வருடத்துக்கு மேல். அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று: அந்த ஹார்ட் டிஸ்கை எதிலும் மாட்டாதீர்கள், ஃபோர்மட் செய்யவா என்று எது கேட்டாலும் "இல்லை" மட்டும் சொல்லுங்கள். பழைய பெட்டியை எறிந்துவிட்டீர்களா? வீட்டில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். கட்டணப் பெட்டிகள் பதியும்போது படத்தைப் பூட்டித்தான் பதியும். திறப்பு அந்தப் பெட்டியின் சிப்புக்குள் இருக்கும். ஹார்ட் டிஸ்க் நல்லாக இருந்தாலும் திறப்பு இல்லாமல் அது வெறும் குப்பைபோலத்தான் தெரியும். ஆனால் இடிக்குச் செத்த பெட்டிகளில் என்னிடம் வருகிறவற்றில் நிறைய, பவர் சப்ளை மட்டும் போனவை. சிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியானால் அதை எழுப்பலாம்.

இனி வாங்குவதைப் பற்றி. எல்லாரும் ஜீபியைத்தான் கேட்கிறார்கள். அதைக் கணக்குப் பார்ப்பது லேசு: செக்கனுக்கு 1 மெகாபிட் ஓடினால் மணித்தியாலத்துக்கு 0.45 ஜீபி. நல்ல எச்டி சனல் 8 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு 3.6 ஜீபி, 500 ஜீபியில் 130 மணித்தியாலத்துக்கு மேல். யார் வீட்டுக்கும் அது போதும். கேட்க வேண்டியது வேறு. படம் உங்கள் வீட்டுக்கு எந்த வழியால் வருகிறது? டிஷ்ஷா, இணைய வயரா, அன்டெனாவா? அந்த வழியைப் பிடிக்காத பெட்டி எவ்வளவு விலையானாலும் உங்களுக்கு உதவாது. தெஹிவளைக்காரர் பட்டது அதுதான். அடுத்தது, பதிந்ததை வெளியே எடுக்கலாமா? கடைக்காரர் "ஓம்" என்றால் நம்பாதீர்கள். அங்கேயே ஒரு நிமிடம் பதிந்து, பென் டிரைவைக் கழற்றி, அவருடைய கணினியில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கட்டணச் சனல்தான் பார்ப்பீர்கள் என்றால் பெட்டிக்குள் பதிந்ததை வெளியே எடுக்க முடியாது. ஆனால் பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி துளை இருந்தால், அதிலிருந்து வரும் படத்தை ஏவி இன்புட் உள்ள தனி ரெக்கோர்டர் ஒன்று பிடிக்கும். எச்டி தெளிவு கிடைக்காது, படம் 576 கோடுதான், கொஞ்சம் மென்மையாகத் தெரியும். எச்டிஎம்ஐ வயரில் முயன்றால் அனேகமாகக் கறுப்புத் திரைதான் வரும், அது பூட்டோடு வருவது. எனக்குக் கேட்டால், மங்கலாக என்றாலும் கையில் இருக்கும் படம், தெளிவாக இருந்து திறக்க முடியாத படத்தைவிட எவ்வளவோ மேல்.

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது பெட்டியின் யூஎஸ்பி துளை எவ்வளவு கரண்ட் தரும் என்றும் பாருங்கள். யூஎஸ்பி 2 துளை 500 மில்லி அம்பியர்தான் தர வேண்டும் என்பது கணக்கு. சில ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூட இழுக்கும். டக் டக் என்று சத்தம் கேட்டால் டிஸ்க் பழுதென்று எறிந்துவிடாதீர்கள், தனிப் பவர் உள்ளதை மாட்டிப் பாருங்கள். கடற்கரைப் பக்க வீடென்றால் துளைகளுக்குள் உப்புப் பூக்கும், வருடத்துக்கு ஒரு தரம் துடையுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, வேறொருவர்

தம்பி சொன்னது அவ்வளவும் உண்மை. எனக்கு 71 வயது, நான் டெக் காலத்து ஆள். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். ஒரு கசட் 3 மணித்தியாலம், மூன்று கசட் வாங்கி வைத்துப் பதிந்தேன். அரவிந்த டி சில்வா 107 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார் அல்லவா, அதில் ஒரு பகுதி கசட் மாற்றிய நேரத்தில் போய்விட்டது. அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்றும் கவலை. பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தால் நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். கொழும்பு ஈரத்துக்கு அலுமாரியே காணும். போட்டால் டெக்கின் தலையும் பழுதாகும் என்று திருத்துகிறவர் தடுத்துவிட்டார்.

பிள்ளை, எந்தப் பெட்டி வாங்கினாலும் இரண்டு இடத்தில் வை. ஒன்று உன்னிடம், மற்றது உன் தம்பி வீட்டில்.

வெள்ளவத்தையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. பழைய பெட்டியை நான் எறியவில்லை. அலுமாரிக்கு மேல் அரிசிப் பையில் சுற்றிக் கிடந்தது. மட்டக்குளித் தம்பியிடமே சனிக்கிழமை ஓட்டோவில் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றிக் காட்டினார். பவர் பக்கத்தில் இரண்டு கண்டென்சர் தலை வீங்கி, ஒன்று பிசின்போல் கசிந்திருந்தது. பக்கத்தில் ஃபியூஸ் கறுத்துப்போயிருந்தது. மாற்றி, கரண்ட் கொடுத்தார். முன் லைட் முதலில் சிவப்பு, பிறகு பச்சை. ஹார்ட் டிஸ்கை மாட்டினோம். ஃபோர்மட் கேட்கவில்லை. பட்டியல் அப்படியே வந்தது.

ஏவி இன்புட் உள்ள சின்ன ரெக்கோர்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். கடையில் நின்று ஒரு நிமிடம் பதிந்து, கணினியில் போட்டுப் பார்த்து, பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தேன். நேர வலயத்தில் 5.30 இருக்கிறது. கரண்ட் வந்ததும் தானாக எழும்பவில்லை, அது ஒரு குறைதான், அதற்கு யூபிஎஸ் போட்டாயிற்று. வந்ததும் முதல் வேலையாக, பழைய பெட்டியில் தேரை ஓடவிட்டு இதில் பதியத் தொடங்கினேன். ஓடுகிற நேரம் முழுக்க ஓடித்தான் பதிய வேண்டும், குறுக்கு வழி இல்லை. இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. அம்மா படுக்கப் போகவில்லை.

படம் கொஞ்சம் மங்கல்தான். சால்வையின் கரை தெரியவில்லை, கண்ணாடி கையில் இருப்பது தெரிகிறது. இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். பார்க்க வேண்டிய இடத்தை அம்மா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அதோடு சுற்றிக் கொடுத்தார்: 1 மணி 52 நிமிடம், இடது பக்கம்.