ஓட்டையை அடைத்தும் எலி வருகிறது, எங்கே தவறு?

கேள்வி:
ஓட்டு வீடு. சமையலறைத் தொட்டிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தை ஃபோம் ஸ்ப்ரே அடித்து மூடினேன். பத்தே நாளில் குடைந்துவிட்டது, தரையெல்லாம் மஞ்சள் தூள். இரண்டு பொறி வைத்தும் எதுவும் சிக்கவில்லை. ராத்திரியில் பரண் மேல் ஓடும் சத்தம் கேட்கிறது. விஷம் வைக்கலாமா? வீட்டில் நாய் இருக்கிறது.

பதில் 1:
நாய் இருக்கும் வீட்டில் விஷம் வேண்டாம். ரத்தத்தை உறையவிடாத வகை விஷத்தைத் தின்ற எலி சாவதற்குச் சில நாள் ஆகும். அதற்குள் சுவர் இடுக்கில் போய்ச் செத்தால் நாற்றம் லேசில் போகாது. அந்த எலியை நாயோ ஆந்தையோ தின்றால் அவற்றுக்கும் ஆபத்து.

வந்திருப்பது எது என்று முதலில் புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் பெரிய எலி. சுண்டெலிக்கு 6 மி.மீ. சந்து போதும், பென்சில் நுழையும் ஓட்டை. பெரிய எலிக்கு 12 மி.மீ.

ஃபோமை எலி சுலபமாகக் கொறித்துவிடும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, எவர்சில்வர் கம்பி நாரைக் குழாயைச் சுற்றி ஸ்க்ரூடிரைவரால் இறுகத் திணியுங்கள். மேலே சிமெண்ட் ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். சாதாரண இரும்பு நார் வேண்டாம், ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

கேட்டவர்:
புழுக்கை பெரியதுதான். பொறியைப் பரணின் நடுவில் வைத்திருந்தேன்.

பதில் 2:
அதனால்தான் சிக்கவில்லை. எலி திறந்த வெளியில் நடமாடத் தயங்கும், சுவரோரமாகவே ஓடும். அது தினமும் உரசிப் போகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போல ஒரு கறுப்புக் கோடு விழுந்திருக்கும். கண்ணில் படாவிட்டால் ராத்திரி முகப் பவுடரை மெல்லிசாகத் தூவி வையுங்கள், காலையில் கால் தடம் தெரியும்.

பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். சுண்டெலிப் பொறி பெரிய எலியைக் கொல்லாது, காயப்படுத்தித் தப்பவிடும். பெரிய பொறியாக ஆறேழு வாங்குங்கள். இரை பட்டாணி அளவு போதும். அதிகம் வைத்தால் ஓரத்தில் நக்கிவிட்டுப் போய்விடும்.

இன்னொன்று, பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். அதனால் நாலைந்து நாள் பொறியைப் பூட்டாமல் இரை மட்டும் வைத்துப் பழக்குங்கள். பயமில்லாமல் தின்னத் தொடங்கியதும் ஆறேழு பொறியையும் ஒரே ராத்திரியில் பூட்டுங்கள்.

பதில் 3:
பரணில் சத்தம் என்றால் வழி கூரையில் இருக்கிறது. கூரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வரும் கிளைகளை வெட்டுங்கள். கடைசி வரிசை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துக்கு 6 மி.மீ. கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். பிளாஸ்டிக் வலை கூடவே கூடாது.

ஆனால் உள்ளே எலி இருக்கும்போதே கடைசி வழியை அடைத்தால், அது உள்ளேயே செத்துக் கிடக்கும், இல்லையேல் வேறு இடத்தில் குடையும். அந்த ஓட்டையில் கசக்கிய காகிதத்தைச் செருகி வையுங்கள். தொடர்ந்து நாலைந்து ராத்திரி காகிதம் அசையாமல், பொறியிலும் எதுவும் விழாமல் இருந்தால் சிமெண்ட் பூசலாம்.

கேட்டவர்:
பரணைப் பெருக்கிவிட்டு ஆரம்பிக்கட்டுமா?

பதில் 3:
காய்ந்த புழுக்கையைப் பெருக்காதீர்கள், கிளம்பும் தூசி மூச்சில் போனால் நோய் தொற்றலாம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து நன்றாக நனையும்படி தெளியுங்கள். பத்து நிமிடம் ஊறியதும் காகிதத்தால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.