மறு: ஏரிக்கரை விஷயம் – வக்கீல் நிதி, ஆளுக்கு 200 டாலர்

எல்லோருக்கும் வணக்கம்.

பொருளாளர் மாமா, ஊரில் டேட்டா சென்டருக்கு எதிராக வக்கீல் வைக்க வெளியூரில் இருக்கிற நம் ஆட்களிடம் நீங்கள் கேட்ட 200 டாலரை நான் இன்னும் அனுப்பவில்லை. மேட்டுத் தெரு அண்ணன் அதைக் கஞ்சத்தனம் என்று எழுதிவிட்டார், 2021இல் பாலாற்று வெள்ள நிதிக்கு அவர் என்ன கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவேண்டாம்.

அக்டோபரில் சித்தி ஊருக்குப் போய் வந்து எழுதியதை எல்லோரும் படித்திருப்பீர்கள். ஹைவே பக்கம் இருக்கிற கிடங்குக்குப் பின்னால், ஏரிக்கரை மேய்க்கால் (ஊர் மாடு மேய்கிற பொது நிலம்) வரைக்கும் கல் நட்டிருக்கிறார்களாம். டேட்டா சென்டராம், இன்னும் பெரிசாக்கப் போகிறார்களாம். டீக்கடையில் "கம்ப்யூட்டர் கம்பெனி, வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை" என்று பேச்சு. அது நாம் நினைக்கிற கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை. சர்வர்களை அடுக்கி வைத்த பெரிய கொட்டகை, கட்டுகிறவரை ஆள் வேண்டும், கட்டி முடித்தால் காவலுக்கும் மராமத்துக்கும் கொஞ்சம் பேர் போதும். அப்புறம் அது ராப்பகலாகக் கேட்பது கரண்டு, பல இடங்களில் சூட்டைத் தணிக்கத் தண்ணீரும்.

மிச்சிகனில் நான் குடியிருக்கிற அகஸ்டா டவுன்ஷிப்பிலும் (நம் பஞ்சாயத்து மாதிரி) இதே கூத்துதான். 2025இல் இங்கே விவசாய நிலத்தை டேட்டா சென்டருக்காக வகை மாற்றி நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் அதை ஓட்டுக்கு விடு என்று கிளம்பிவிட்டார்கள். அதற்கு இங்கே சட்டத்திலேயே வழி இருக்கிறது. அறிவிப்பு வெளியான 7 நாளுக்குள் மனு கொடுக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும், 30 நாளுக்குள் கையெழுத்து சேர்க்கவேண்டும், கடைசி கவர்னர் தேர்தலில் அந்த டவுன்ஷிப்பில் விழுந்த ஓட்டில் 15 சதவீதம் எவ்வளவோ அவ்வளவு கையெழுத்து. வீடு வீடாகப் போய்த் தேவைக்கு மேலேயே வாங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு வயசான அம்மா வந்தார். நானும் வேகமாகப் பேனாவை வாங்கினேன். "ஓட்டு இருக்கிறதா?" என்றார். பதினான்கு வருஷமாக வரி கட்டுகிறேன், கையில் இருப்பது கிரீன் கார்டு. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது, ஊரிலும் நம் நிலைமை இதேதான். கிராம சபை என்பது அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்கள். அரசியல் சாசனம் 243ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்தக் குழுவில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டே மாறியாச்சு. இங்கே நாம் எத்தனை பக்கம் மெயில் எழுதினாலும் அங்கே நமக்குக் கை தூக்க உரிமை இல்லை. உரிமை இருக்கிறவர்கள் வரவும் இல்லை. நம்முடையது நாலாயிரம் தலை உள்ள ஊர், குறைந்தது 200 பேர் உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அக்டோபர் கிராம சபையில் சித்தி எண்ணியது 38 பேர். ரிஜிஸ்டரில் 214 கையெழுத்து.

கிராம சபைத் தீர்மானத்தை வைத்து எல்லாம் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏகனாபுரத்தில் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராகத் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள், நிலம் எடுக்கிற வேலை பாட்டுக்கு நடந்தது. ஆனால் 2013இல் ஒடிசாவில் நியம்கிரி மலையில் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றதும் சுரங்கம் நின்றது. அங்கே கிராம சபையின் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிற வன உரிமைச் சட்டம் இருந்தது, நமக்கு அது இல்லை, சரி. அதற்காக 38 பேரை வைத்து 214 கையெழுத்து போட விடுவதா?

வக்கீல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஷாப்புகள் மேல் கேஸ் 1991இல் போட்டது, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இன்றைக்கும் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது பாடம். ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். அதற்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நைனா முள்ளுக் கத்திரி வைத்த கழனி அது. இலவம்பாடிக் கத்திரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை 2023இல் இங்கே யாரோ போட்டீர்கள், நான் பதில் எழுதவில்லை. அன்றைக்கு ஷாப்புக்காரனுக்கு முதலில் நிலம் விற்றது யார் என்பதையும் எழுதப்போவதில்லை, அவர் பேரன் இந்தக் குழுவில் இருக்கிறான், நல்ல பையன்.

என் பணத்தை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26 கிராம சபைக்குப் பெங்களூரிலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் நம் பிள்ளைகளை அழைத்து வர இரண்டு வேன். மேய்க்கால் யார் பெயரில் இருக்கிறது, என்ன உத்தரவு வந்திருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, அதற்குக் கட்டணம் 10 ரூபாய். 200 டாலருக்கு எத்தனை மனு என்று மாமாவே கணக்குப் போடட்டும். மேட்டுத் தெரு அண்ணன் கேட்கிற ஊர் முகப்பு வளைவுக்கு இப்போது நான் ஒரு பைசா தரமாட்டேன், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி.

– பள்ளிக்கூடத் தெரு கடைசி வீடு

பொருளாளர், ஷார்ஜாவிலிருந்து:

மாப்ளே, வேனுக்கு ரசீது இல்லாமல் நான் பணம் எடுக்கமாட்டேன், முதலிலேயே சொல்லிவிட்டேன். வெள்ள நிதியில் மீதி 18,450 ரூபாய் வங்கியில் அப்படியே இருக்கிறது, ஸ்டேட்மென்ட் மூன்று தடவை அனுப்பியாச்சு, யாரும் திறந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே 200 டாலர் அனுப்பிய 9 பேர் திருப்பிக் கேட்காதீர்கள், அனுப்புகிற சார்ஜை யார் தருவது?

மஞ்சள் தண்ணீர் வந்தது உங்கள் கிணற்றில் மட்டும் இல்லை, எங்கள் கிணற்றிலும்தான். அதை ஒரு வரி எழுதியிருக்கலாம்.

26ஆம் தேதிக்கு நான் வருகிறேன், லீவு சொல்லியாச்சு. பட்டியலை எடுத்துப் பார்த்தேன், என் பெயர் இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் வரியில் அம்மா பெயரும் இருக்கிறது. அம்மா போய் மூன்று வருஷம். அந்த 214இல் அம்மா கையெழுத்தும் இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்.