அங்கே 300, இங்கே 280: ஒரே இன்ஜினுக்கு ரெண்டு பலமா?

பொருநைக்காரன்:
ஒரே வண்டி, ஒரே 2 லிட்டர் டர்போ இன்ஜின். ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர் கார் வந்தப்போ ஐரோப்பாவுல 300 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஒரு அளவு). ஆஸ்திரேலியாவுல இறங்கினதும் 280. கேட்டா "வெப்ப நாடு"ன்னு சொன்னாங்க. முழு விலையும் வாங்கிட்டு, இருக்கிற பலத்தை மென்பொருள்ல பூட்டி வைக்கிறது ஏமாத்து வேலைங்கிறதுதான் என் கட்சி. எங்க பாளையங்கோட்டையிலயும் சித்திரை வெயில் அடிக்கத்தான் செய்யுது. அதுக்காக இங்க உள்ளவன் பாதி வண்டி ஓட்டணுமா?

கயத்தாறு காத்து:
தம்பி, வெயிலை அவ்வளவு லேசா பேசாதீய. முப்பது வருசமா இன்ஜின் பிரிக்கிற கை இது. 25 டிகிரியில இருக்கிற காத்தை 40 டிகிரிக்குச் சூடாக்கினா அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறையும். அது போனாப் போகட்டும், டர்போ அழுத்திக் குடுக்கும். பிரச்சினை அதுக்குப் பொறவுதான். ஏற்கெனவே சூடான காத்தை அழுத்தினா இன்னும் சூடாகும். அதை ஆத்துத இன்டர்கூலர் மேல படுறதும் அனல்காத்துதான். பிளக் தீப்பொறி வச்ச பொறவு, தீ இன்னும் போய்ச் சேராத இடத்துல உள்ள பெட்ரோல் தன்னால வெடிக்கும். அதைத்தான் நாக்கிங்குன்னு சொல்லுதோம். சென்சார் அதைக் கேட்டு டைமிங்கை, அதாவது தீப்பொறி வைக்கிற நேரத்தை, தள்ளிப் போடும். அப்ப பலமும் போச்சு, புகைபோக்கிப் பக்கம் சூடும் ஏறிப் போச்சு. கம்பெனிக்காரன் முன்கூட்டியே பூஸ்டை, அதாவது டர்போ குடுக்கிற அழுத்தத்தை, குறைச்சு அனுப்பினா அது ஏமாத்து இல்ல.

பொருநைக்காரன்:
அண்ணாச்சி, அப்படின்னா எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆர் ஆஸ்திரேலியாவுக்கு 235 கிலோவாட்டோட (சுமார் 320 பிஎஸ்), ஐரோப்பாவுல உள்ள அதே பலத்தோட எப்படிப் போச்சு? அந்த ஊர் வெயில் குறைஞ்சு போச்சா?

கயத்தாறு காத்து:
பலம் ஒண்ணுதான். டார்க்கை, அதாவது இன்ஜினோட முறுக்கு விசையைப் பாத்தீயளா? ஐரோப்பாவுல 420 நியூட்டன் மீட்டர், அங்க 400. அடி ஆர்பிஎம்ல, இன்ஜின் மெதுவா சுத்தும்போது, அழுத்தம் கூடினாத்தான் நாக்கிங் அதிகம். வெட்டினது அந்த இடத்துலதான்.

தாமிரா:
ரெண்டு பேரும் வெயிலையே பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஜப்பானைப் பாருங்க. 1989 முதல் 2004 வரைக்கும் அங்குள்ள கம்பெனிகள் 280 பிஎஸ்ஸுக்கு மேல காகிதத்தில் காட்டுவதில்லை என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருந்தன. அதனால நாலாம் தலைமுறை டொயோட்டா சுப்ரா சொந்த ஊரில் 280, அமெரிக்காவில் 320 குதிரைத்திறன். ஏற்றுமதி வண்டிக்கு பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிசு, டர்போவுக்குள் சுழலும் டர்பைன் ஸ்டீல். உள்ளூர் வண்டிக்கு செராமிக் டர்பைன். இதுல வெயிலும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

அதே ஊர் ஹோண்டா எஸ்2000 நேர் எதிர். ஜப்பானில் 250 பிஎஸ், வெளிநாட்டில் 240. கம்ப்ரஷனே (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அழுத்துது என்பது) வேற: அங்கே 11.7, வெளியே 11.0. ஜப்பானிய உயர்ரக பெட்ரோலின் ஆக்டேனை (நாக்கிங்கைத் தாங்கும் அளவை) நம்பிக் கட்டிய இன்ஜின் அது. இதை மென்பொருளால் பூட்டினதுன்னு சொல்ல முடியாது, பிஸ்டனே வேற. "ஒரே இன்ஜின்" என்று பேட்ஜைப் பார்த்துச் சொல்வதை முதலில் நிறுத்தணும். எனக்கு இதில்தான் கோபம் வரும்.

இன்னொன்று. அமெரிக்க பெட்ரோல் பங்கில் ஆக்டேன் 91 என்று எழுதியிருப்பது நம்ம 91 இல்லை. அவர்கள் ரெண்டு முறையில் அளந்து சராசரி போடுகிறார்கள். அந்த 91 நம் கணக்கில் 95 அல்லது 96 வரும்.

பொருநைக்காரன்:
பிஸ்டன் வேற, டர்பைன் வேறன்னா ஒத்துக்கிடுதேன். ஆனா ஜப்பான் கதை என் பக்கந்தானே நிக்குது? இன்ஜினால முடியாம இல்ல, கம்பெனி வேண்டாம்னு வச்சதுதானே.

தாமிரா:
ஆமாம், அந்த இடத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் "வெயில் நாட்டுக்காரனை மட்டம் தட்டுறான்" என்பது மட்டும் நிக்காது. 2025இல் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ 265 பிஎஸ், ஐரோப்பாவில் என்னவோ அதேதான். அமெரிக்கர்களுக்கு அதே வண்டி 241 குதிரைத்திறன்.

பொருநைக்காரன்:
இது எனக்குத் தெரியாது. சரி, ஒரே கேள்வி. நல்ல ஆக்டேன் பெட்ரோல் போட்டு ரீமேப் பண்ணினா, அதாவது இன்ஜின் மென்பொருளை மாத்தி எழுதினா, என்ன குடி முழுகிப் போகுது?

கயத்தாறு காத்து:
நல்ல பெட்ரோல் எப்பவும் கிடைக்குமா? அதான் கேள்வி. 2019 மே மாசம் பட்டறைக்கு ஒரு டர்போ ஹேட்ச்பேக்கை இழுத்துட்டு வந்தாவ. வெளியூர்ல ஒருத்தன்கிட்ட ஐரோப்பிய வண்டிக்குள்ள மென்பொருள் ஃபைலை ஏத்தியிருக்காரு. நாங்குநேரி தாண்டி டேங்க் வத்திப் போச்சு, கிடைச்ச பங்க்ல சாதா 91ஐ நிரப்பிட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு நாலுவழிச்சாலையில மிதிச்சிருக்காரு. அந்த ஃபைல் போட்டவன் நாக் சென்சாரோட தாங்கு எல்லையையும் தளர்த்தி விட்டிருந்தான். மூணாவது சிலிண்டர்ல பிஸ்டன் ரிங்குக்கு இடையில உள்ள வரம்பு உடைஞ்சு, சிலிண்டர் சுவரெல்லாம் கோடு. அந்தப் பையன் அழுததை இப்பவும் நினைச்சா எனக்கு மனசு கேக்க மாட்டேங்கு. கம்பெனி விட்டு வச்ச இடைவெளி அந்த ரெண்டு மணி வெயிலுக்கும் அந்த 91க்கும்தான்.

பொருநைக்காரன்:
அப்ப அதையே வெளிப்படையா எழுதிக் குடுக்கட்டும் அண்ணாச்சி. "இந்த பெட்ரோலுக்கு இவ்வளவு, இந்த வெயிலுக்கு இவ்வளவு"ன்னு. "வெப்ப நாடு"ங்கிற ஒத்தை வார்த்தையிலதான் எனக்கு வயித்தெரிச்சல்.

கயத்தாறு காத்து:
அதுல எனக்கும் மாத்துக் கருத்து இல்ல. ஞாயித்துக்கிழமை கயத்தாறு பக்கம் வாங்க, அந்த பிஸ்டன் இன்னும் என் மேசை மேலதான் இருக்கு.