பனங்கிழங்கு மெலிசா, நாரா வருது. பாத்தியில என்ன தப்பு?

கடலோரம்:
ராமநாதபுரம் பக்கம், கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டர் உள்ளே. மேலே மணல், ஒரு முழத்துக்குக் கீழே இறுகின மண். தரையை ஒரு சாண் கொத்திவிட்டு, மேலே ஒரு சாண் மண் அணைச்சு, ஆவணி கடைசியில 300 பனங்கொட்டை போட்டது. ஐப்பசியில கொட்டையை வெட்டித் தவுண் (உள்ளே இருக்கிற, திங்கிற பஞ்சு மாதிரிப் பகுதி) எடுத்தாச்சு. தை கடைசியில கிண்டினா பாதிக்கு மேல விரல் தடிமன்கூட இல்லை. சிலது கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. அவிச்சா நார். உரம் போடணுமா? மிச்சத்தைக் காய வச்சு ஒடியலாக்கலாமா?

தேரிக்காடு:
உரத்துக்கு இதில வேலையே இல்லைங்க. கிழங்குக்குச் சாப்பாடு கொட்டைக்குள்ள இருக்கிற பருப்புதான். அதைக் கரைச்சு உறிஞ்சிக் கீழே அனுப்புறதே தவுண். ஐப்பசியில அதை வெட்டி எடுத்ததோட கிழங்கு பட்டினி. தவுணுக்குன்னு ஒரு ஓரத்துல 50 கொட்டை தனியா போடுங்க, மத்ததைத் தொடாதீங்க.

வளைஞ்சதுக்குக் காரணம் அடிமண். முளை முதல்ல கீழ்நோக்கித்தான் இறங்கும். இறுகின மண்ணில முட்டினா திரும்பிடும். தரைக்கு மேலேயே 2 அடி உயரத்துக்குப் பொலபொலன்னு மணலைக் குவிச்சு மேட்டுப்பாத்தி கட்டுங்க. மிதிச்சு இறுக்கக் கூடாது. கொட்டையைக் கண் கீழ்ப்பார்க்க நெருக்கமா அடுக்கி, 2 அங்குலம் மண், அதுக்கு மேல பனையோலை மூடாக்கு. மழை தொடங்குற வரைக்கும் ஈரம் காயாம தண்ணி தெளிச்சா போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில பாத்தியைச் சுத்தித் தண்ணி நின்னா கிழங்கு அழுகும். வடிகால் வெட்டி விடுங்க.

நாருக்குக் காரணம் நாள் தள்ளினது. மார்கழி நடுவுல ஓரத்துல ரெண்டு மூணு கிண்டிப் பாருங்க. குருத்து மண்ணுக்கு மேல தலை காட்டிட்டா, கிழங்குல இருக்கிற மாவை அது இழுக்க ஆரம்பிச்சிடும்.

வடலி (யாழ்ப்பாணம்):
நார்க் கிழங்கைப் புழுக்கொடியல் ஆக்காதேங்கோ, கடிக்கேலாது. புழுக்கொடியல் அவிச்சுக் காய வைக்கிறது. அதுக்குப் பிஞ்சும் இல்லாமல் முத்தலும் இல்லாத கிழங்குதான் சரி.

உங்களிட்டை இருக்கிறதைப் பச்சையாவே தோல் உரிச்சு, நெடுக்கப் பிளந்து, நடுவிலை இருக்கிற பீலியை (குருத்தை) எடுத்துப்போட்டு வெயிலிலை காய விடுங்கோ. இதுதான் ஒடியல். இரவிலை கட்டாயம் உள்ளுக்கு எடுக்கோணும். பனி பட்டால் பூஞ்சணம் பிடிச்சுக் கறுத்துப்போகும். கையாலை முறிச்சால் 'டக்' எண்டு முறியவேணும், வளைஞ்சால் இன்னும் ஈரம் இருக்கு. இடிச்சு அரிச்சால் நார் அரிதட்டிலை நிண்டிடும், மா கீழே வந்திடும்.

ஒண்டு முக்கியம். ஒடியல் மாவை அப்பிடியே சமைக்காதேங்கோ. தண்ணியிலை கரைச்சு ஊறவிட்டு, மா அடியிலை தங்கினாப் பிறகு மேல் தண்ணியை வடிச்சு ஊத்துங்கோ. இரண்டு மூண்டு தரம் இப்பிடிச் செய்தால்தான் கசப்பும் காறலும் போகும். ஒடியல் கூழ் காய்ச்சிறதெண்டால் மீன், நண்டு, மரவள்ளி எல்லாம் வெந்து முடிஞ்ச பிறகே இந்த மாவைக் கரைச்சு விட்டுத் துழாவவேணும். முதலே விட்டால் அடிப்பிடிக்கும், மரவள்ளியும் வேகாது. மா போட்ட பிறகும் நல்லாக் கொதிக்க விடுங்கோ.

தேரிக்காடு:
தவுண் எடுத்த ஊமலை (வெறும் கொட்டையை) வீசிடாதீங்க. காய வச்சா அடுப்புக்கு நல்லா நின்னு எரியும், கரியும் கிடைக்கும்.

கடலோரம்:
நன்றி. கிழங்கைப் பிளந்து வெயில்ல போட்டாச்சு. வர்ற ஆவணிக்குத் தவுண் பாத்தி தனி, கிழங்குப் பாத்தி தனி.