மறுமொழி: லீவுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுவது பற்றி

அனைவருக்கும் வணக்கமுங்க.

டல்லாஸில் இருக்கும் அண்ணன் நம் ஊர்ச் சங்கத்து மடற்குழுவில் போட்ட மடலை மூணு தடவை படித்துவிட்டேன். அடுத்த சித்திரையில் கண்ணபுரம் தேரையும் மாட்டுச் சந்தையையும் ஒட்டி நம் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வரட்டும், ஏசி அறையில் போனோடு கிடந்து திரும்பாமல் நாலு நாள் நம் அப்பாரு, அப்பத்தா வாழ்ந்த மாதிரி இருந்து பார்க்கட்டும் என்று எழுதியிருந்தார். படிக்கப் படிக்க மனசு நிறைந்தது. ஆனால், சங்கப் பணத்தில் சாளை மாதிரி ஆறு ஓலைக்குடில், ஒரு மாட்டு வண்டி, திருப்பூரிலிருந்து சமையலுக்கு ஆள் என்று வந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று சொல்ல, போன ஐப்பசியில் நானும் வீட்டுக்காரரும் மகளும் மூணு ராத்திரி தங்கிவந்த ஒரு தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பேர் தகெதோமி. ஜப்பானின் தெற்குக் கோடி, ஓகினாவாவையும் தாண்டித் தைவானை நெருங்கும் இடம். ஒசாகாவிலிருந்து இஷிகாகி வரைக்கும் விமானம், அங்கிருந்து படகில் கால் மணி நேரம். தீவைச் சுற்றி நடந்தால் 9 கிலோமீட்டர்தான். குடியிருப்பவர்கள் 300 சொச்சம் பேர். கொரோனாவுக்கு முன்னால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் பேர் அங்கே வந்து போயிருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் காலையில் வந்து எருமை வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றி, படம் பிடித்துக்கொண்டு சாயங்காலப் படகைப் பிடித்துவிடுகிறவர்கள். கடைசிப் படகு போன பிறகுதான் ஊர் ஊராகிறது. தங்கினால்தான் அது தெரியும்.

தெருவெல்லாம் பவழ மணல், வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வீட்டுக்கு வீடு பவழக் கல்லை மண்ணும் சுண்ணாம்பும் இல்லாமல் அடுக்கிய மதில். உள்ளே சிவப்பு ஓடு வேய்ந்த தாழ்ந்த வீடு, சமையல்கட்டு மட்டும் தனியாக. நம் பழைய வீடுகளை அப்படியே கடலுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

நாங்கள் தங்கியது ஒரு பாட்டியம்மா வீட்டில். எண்பதை ஒட்டிய வயசு. முதல் நாள் விடியக்காலம் ஆறு மணிக்கு வெளியே சர்ர், சர்ர் என்று சத்தம். எழுந்து பார்த்தால், அந்தம்மா மூங்கில் விளக்குமாறை வைத்துத் தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கை முதுகில், ஒரு கையில் விளக்குமாறு. நம்ம வீடுகளில் அமுச்சிமார் வாசல் தெளித்துவிட்டுச் சீமாறு பிடிக்கிற அதே குனிவு. தன் வாசலோடு நிறுத்தவில்லை, பக்கத்து வீட்டு மதில் முடிகிற வரைக்கும் போனார். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவர் கூட்டிக்கொண்டே வந்தார். நடுவில் சந்தித்து இரண்டு வார்த்தை பேசினார்கள், திரும்பினார்கள். தினமும் இப்படித்தானாம்.

என் மகளுக்குப் பதினொரு வயசு. அவளும் ஒரு விளக்குமாறை எடுத்தாள். அந்தம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்: மணலை முன்னால் தள்ளாதே, உன் பக்கம் இழு, இழுத்துக்கொண்டே பின்னால் நட, அப்போதுதான் உன் காலடி அதில் விழாது. பத்து நிமிசத்தில் கோடு கோடாக, ஏர் ஓட்டின காடு மாதிரி தெரு விரிந்து கிடந்தது. எதற்கு இத்தனை வெள்ளை மணல் என்று கேட்டேன். ராத்திரியில் பூச்சி பொட்டு ஊர்ந்தால் தெரியணும் என்றார். அந்தப் பக்கத்தில் ஹபு என்று ஒரு விரியன் உண்டு, விளக்கு இல்லாத காலத்தில் நிலா வெளிச்சமும் வெள்ளை மணலும்தான் துணை.

அப்புறம் மகளிடம் கேட்டார்: "உங்க ஊரிலும் காலையில் கூட்டுவாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். "நான் பார்த்ததில்லை" என்றாள்.

பொய் இல்லை. அவள் நம்ம ஊருக்கு ஐந்து தடவை வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் திருப்பூரில் ஓட்டல் அறை, பகலில் கார் எடுத்துக்கொண்டு ஊர், கோயில், இரண்டு வீட்டில் காப்பி, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். கடைசிப் படகைப் பிடிக்கிற கூட்டம் வேறு யாரும் இல்லைங்க, நாங்கள்தான். அன்றைக்கு அந்தத் தெருவில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

எருமை வண்டியிலும் போனோம். வண்டிக்காரர் மூணு தந்தி சான்ஷின் மீட்டிப் பாடுகிறார், முடுக்கு வந்தால் எருமை தானே அகலமாகச் சுற்றித் திரும்புகிறது. நல்லாத்தான் இருந்தது, அரை மணி நேரத்தில் முடிந்தது.

மனசில் நின்றது ராத்திரிச் சத்தம். நாங்கள் போனது அவர்கள் நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, கொஞ்ச நாள் முன்னால். தனதுயி என்று பேர், விதைப்பு நோம்பி. அந்தத் தீவில் ஆறு இல்லை, நெல் விளையாது. முன்னோர்கள் படகு ஓட்டிப் பக்கத்துத் தீவான இரியோமோதேவுக்குப் போய் நெல் பயிரிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சொந்த மண்ணில் விளைந்தது தினை. குடிதண்ணீரே 1976-இல்தான் கடலுக்கு அடியில் குழாய் போட்டு இஷிகாகியிலிருந்து வந்தது. நம் வானம் பார்த்த காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தினை விதைப்புக்குத்தான் 600 வருசமாக நோம்பி என்கிறார்கள். பத்து நாள் சாங்கியத்தில் இரண்டு நாள் ஆட்டமும் கூத்தும். எழுபது எண்பது உருப்படிகள், ஊர்ச்சாமிக்கு முன்னால், சாமி பார்க்கத்தான். வெளியூர்க்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். தினையும் பயறும் சேர்த்து இடித்த ஒரு பலகாரம் படைக்கிறார்கள். நாங்கள் இருந்த ராத்திரிகளில் எல்லாம் எங்கோ ஒரு வீட்டில் தப்புச் சத்தமும் பாட்டும் ஒத்திகையில் கேட்டுக்கொண்டே இருந்தது. நம்ம ஊரில் கம்பம் நட்ட பிறகு ராத்திரியில் உறுமிச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்குவோமே, அந்தத் தூக்கம் தூங்கினேன், பல வருசத்துக்கு அப்புறம்.

இப்போது நம் சங்கத்துக்கு வேண்டிய சேதி. முந்நூறு பேர் உள்ள ஊரில் எண்பது உருப்படி யார் ஆடுவது? தீவில் ஒன்பதாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். பதினைந்து வயசில் பிள்ளைகள் மேல்படிப்புக்குப் படகு ஏறிவிடுகிறார்கள், பாதிப்பேர் திரும்புவதில்லை. ஆனால் இஷிகாகியில், ஓகினாவாவில், டோக்கியோவில் அவர்களுக்கு ஊர்ச் சங்கம் இருக்கிறது, நம்முடைய மாதிரியே. அந்தச் சங்கத்தார் தாங்கள் இருக்கும் ஊரிலேயே ஆட்டம் பழகி, நோம்பிக்கு வந்து ஆடுகிறார்கள். எங்களோடு தங்கியிருந்த ஒருவர் டோக்கியோ சங்கத்துக்காரர். அண்ணன் மகன் வீட்டில் இடம் போதாமல் இங்கே படுத்திருந்தார். அவருக்கு அங்கே சொந்தத்தில் ஒரு சென்ட் பூமி இல்லை. ஆனாலும் தெருவில் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்.

எப்படி இந்த ஊர் இப்படியே நின்றது என்று அவரிடம் கேட்டேன். மண் என்றார்.

1971-இல் அந்தப் பக்கம் கடும் வறட்சி, கூடவே புயல். மறு வருசம் ஓகினாவா அமெரிக்கா கையிலிருந்து ஜப்பானுக்குத் திரும்பியது. வெளிக் கம்பெனிகள் வந்து, காய்ந்து கிடந்த காடுகளை அடிமாட்டு விலைக்கு வாங்க ஆரம்பித்தன. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது, வாய்க்குச் சோறு இல்லை. அப்போது ஊரில் சிலர் எழுந்து, விற்காதீங்க என்று வீடு வீடாகச் சொன்னார்கள். அது வளர்ந்து 1986-இல் ஊர்ச் சாசனமாக எழுதப்பட்டது. விற்காதே, அசுத்தம் பண்ணாதே, ஒழுங்கைக் குலைக்காதே, இடிக்காதே, இருப்பதை வாழவை. இந்த ஐந்துதான் அடிப்படை. அதற்கு அடுத்த வருசம்தான் அரசாங்கம் அந்தக் குடியிருப்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தது. முதலில் ஊர், அப்புறம்தான் சர்க்கார். 2019-இலிருந்து தீவுக்கு வருகிறவர்கள் மனமுவந்து 300 யென் கொடுக்கலாம். வெளியார் கைக்குப் போன மண்ணை மீட்பதற்கும் அதில் ஒரு பங்கு.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் கிழக்காலக் கொறங்காடு, வேலி போட்ட மேய்ச்சல் காடு, கண்ணில் வந்தது. உங்களில் பாதிப்பேர் அதில் கன்னுக்குட்டி ஓட்டியிருப்பீர்கள். ஆறு ஏக்கர். நாலு பக்கமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். எங்கள் அப்பாருக்கு அப்பா காலத்தில் குச்சி நட்ட வேலி அது, ஒரு ஆட்டுக்குட்டி நுழைய முடியாது. நாலு காங்கேய மாடும் ஒரு பட்டி ஆடும் அந்த ஆறு ஏக்கரில் வருசம் பூராவும் மேய்ந்தன. 2013-இல் அப்பா அதைக் கொடுத்துவிட்டார். மழை இல்லை, மேய்க்க ஆள் இல்லை, தங்கச்சி கல்யாணம். புரோக்கர் சொன்ன முதல் விலைக்கே சரி என்றார். இரண்டே நாளில் ஜேசிபி வேலியைப் பிடுங்கிப் போட்டது. பிடுங்கிய கிளுவை மழை வந்ததும் குவியலிலேயே துளிர்த்திருந்தது, அதை நான் பார்த்தேன். சைட் என்று கல் நட்டு மஞ்சள் கொடி கட்டினார்கள். இன்றைக்கு வரைக்கும் அங்கே ஒரு வீடு இல்லை, சீமைக்கருவேலம்தான்.

அப்போதே இந்த மடற்குழுவில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். ஒரு மடல் போட்டிருந்தால் உங்களில் ஒரு பங்காளியோ, நாலு பேர் சேர்ந்தோ அதை வாங்கி மேய்ச்சலுக்கே விட்டிருப்பீர்கள். எனக்கோ அப்பாவுக்கோ அந்த யோசனையே வரவில்லை. அந்த வெசனம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் அண்ணனுக்கு என் வேண்டுகோள் இது. குடில் வேண்டாமுங்க. குடிலில் படுத்தால் நம் பிள்ளைகள் வாடிக்கையாளர்கள், வீட்டில் படுத்தால் ஒரம்பரை, வீடு தேடி வந்த சொந்தம். நம்ம ஊரில் பூட்டிக் கிடக்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், நம் குழுவில் உள்ளவர்களுடையது மட்டும் பதினான்கு. குடில் போடுகிற காசில் அந்த ஓடுகளை மாற்றலாம், கரையானைத் தட்டலாம், வீட்டுப் பின்னால் குளிக்கிற பொடக்காளியைச் சரிபண்ணலாம். ஆசாரத்தில், அந்த முன்கூடத்தில், பவானி ஜமுக்காளத்தை விரித்தால் பத்துப் பிள்ளைகள் படுக்கும். சமையலுக்குத் திருப்பூர் ஆள் எதற்கு? நம் பெரியம்மாக்கள் அரிசியும் பருப்பும் ஆக்கிப் போடட்டும், கொள்ளுக் கடையட்டும், பிள்ளைகள் கூட நின்று அம்மி அரைக்கட்டும். செய்கிறவர்களுக்குக் கூலியைக் கூச்சப்படாமல் கையில் கொடுத்துவிடுவோம்.

இன்னொன்று. பழைய வாழ்க்கை என்று நாம் சொல்வதைச் சுமந்தவர்களில், சாதியின் பேரால் ஒதுக்கி வைத்த வளவிலிருந்து வந்து நம் காட்டில் பண்ணையம் பார்த்த குடும்பங்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் இன்றைக்குத் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். இந்தக் குழுவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. கட்டுத்தரையில் அவர்களுக்குத் தனிக் குவளை சொருகியிருந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு மாட்டு வண்டியை மட்டும் காட்ட என்னால் முடியாது. அவர்களையும் முதலில் குழுவில் சேர்ப்போம். நோம்பி ஏற்பாட்டில் சமமாக உட்கார வைப்போம். இதில் யாருக்காவது வருத்தம் இருந்தால் எனக்குத் தனியாக எழுதாமல் இங்கேயே எழுதுங்கள், பேசுவோம்.

மண்ணைப் பற்றியும் ஒரு ஏற்பாடு வேண்டும். சாசனம் கீசனம் எழுத நாம் தீவு இல்லை, நாலு பக்கமும் தார் ரோடு. கட்டாயம் போட யாருக்கும் உரிமையும் கிடையாது. யாராவது காடோ வீடோ கொடுப்பதென்று முடிவு பண்ணினால், புரோக்கரிடம் சொல்வதற்கு முன்னால் இந்தக் குழுவில் ஒரு மடல். அறுபது நாள் பொறுங்கள். அதற்குள் ஊர்க்காரர் யாரும் வாங்க வரவில்லை என்றால் உங்கள் விருப்பம். இதை மட்டும் நாம் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஊரில் ஊர்க்காரர் மண் இருந்தால்தான் அடுத்த சித்திரைக்கும் அதற்கு அடுத்ததற்கும் வந்து இறங்க ஒரு இடம் இருக்கும்.

அந்தத் தீவில் மின்சா என்று ஒரு பருத்தி இடுப்புப் பட்டை நெய்கிறார்கள். நாலு கட்டமும் ஐந்து கட்டமும் மாறி மாறி வரும், என்றைக்கும் என்று அர்த்தமாம். கரை இரண்டிலும் பூரான் கால் மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். அதற்கு, அடிக்கடி நடந்து வா என்று அர்த்தம். பாட்டியம்மா கிளம்பும்போது மகள் கையில் ஒன்றைக் கட்டிவிட்டார். அவள் அதை அவிழ்க்காமல் வைத்திருக்கிறாள்.

எங்கள் வீட்டுச் சாவி எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பேசி, ஆசாரத்தையும் இரண்டு அறையையும் திறந்து காற்றாட வைக்கச் சொல்கிறேன். வாசலில் சிமென்ட் போட்டதை உடைத்து மண் போட எவ்வளவு ஆகும் என்றும் கேட்கிறேன். உங்களில் யார் யார் வீடு திறக்கிறீர்கள், எத்தனை பேர் படுக்கலாம் என்று தை பிறப்பதற்குள் இதே மடலுக்குப் பதிலாக எழுதுங்கள். சிங்கப்பூர் பெரியப்பா கணக்கை வைத்துக்கொள்ளட்டும்.

ஒசாகாவிலிருந்து,
மேக்காலத் தோட்டத்துப் பொண்ணு