புதுப்பிப்பு: சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பும் அம்மா

அல்சைமர் என்ற மறதிநோய் உள்ள அம்மா, சொந்த வீட்டில் இருந்துகொண்டே, பொழுது சாய்ந்ததும் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்குக் கிளம்புகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னீர்களே, அதில் கிருமித்தொற்று இருந்தது. வயதானவர்களுக்குக் காய்ச்சல், எரிச்சல் இல்லாமலேயே இது வரலாம் என்றார் மருத்துவர். மருந்து முடிந்ததும் தூக்கம் திரும்பியது. மறதிநோய் முற்றிவிட்டது என்று நினைத்து இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

சாயங்காலத் தவிப்பு முழுதும் போகவில்லை. இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். "இதுதாம்மா நம்ம வீடு" என்று வாதாடுவதில்லை. "அங்க யாரும்மா இருப்பாங்க?" என்று கேட்டால் உசிலம்பட்டி வீடு, மாட்டுக்கொட்டகை என்று பேசிக்கொண்டே மல்லி தொடுக்க உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் பெயர்கள் மறந்துவிட்டன. ஆனால் கை அப்படியே தொடுக்கிறது, பார்க்கவே சந்தோஷம்.

அப்புறம், பகலில் பார்த்துக்கொள்ள வரும் அக்கா, அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். குளிக்க வைப்பதில் இருந்த சண்டை அதனாலேயே குறைந்தது.

அடுத்து இரவுக்கும் ஆள் தேடுகிறோம். முதியோர் உதவி எண் 14567-லும் விசாரிக்கப்போகிறேன். மதுரைப் பக்கம் பொறுமையானவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.