தோட்டத்து சாளைல (தோட்டத்து வீட்ல) இருக்கற அப்பா அம்மாவுக்குக் காவலுக்கு என்ன வாங்கிக் குடுக்கலாமுங்க?

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பாவும் அம்மாவும் காங்கேயம் பக்கம் தோட்டத்து சாளைல இருக்காங்க, கூப்புட்டா கேக்கற தூரத்துல ஒரு வீடு கெடையாது, 2024 நவம்பர்ல பல்லடம் பக்கம், 2025ல சிவகிரி பக்கம்னு தோட்டத்து வீட்ல இருந்தவங்கள கொன்னதக் கேட்டதுலருந்து இங்க கோயமுத்தூர்ல எனக்குத் தூக்கமே புடிக்கறதில்லைங்க. இங்க வந்துருங்கன்னா மாடு கன்ன ஆருகிட்ட உட்டுட்டு வர்றது கண்ணுங்கறாங்க அம்மா.

அப்பா கட்டிலுக்கடில கொடுவாள் வெச்சிருக்காரு. அதுதான் பெரிய பயம், முட்டி வலில செவுத்தப் புடிச்சுத்தான் எந்திரிக்கறாரு, வர்றவன் ஒரு புடுங்கு புடுங்குனா அது அவரு மேலயே திரும்பீருமுங்க. துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணும், இந்த வயசுல அது ஆகாது. தடிய வீச வீட்டு ஆசாரத்துல (கூடத்துல) எடமில்ல.

பெப்பர் ஸ்ப்ரேக்கு லைசென்ஸ் வேண்டியதில்ல, ஆனா எதுர்காத்து அடிச்சா நம்ம கண்ணுலயே உழுகும், அம்மா விரலுக்கு அந்த மூடியத் தள்ளி அமுத்த வருமா, ஜெல் மாதிரி வர்றது தேவலையா, வெச்சிருக்கறவங்க சொல்லுங்க. 112க்கு அடிச்சாலும் போலீஸ் வர்ற வரைக்கும் தாழ்ப்பாள் தாங்கணுமில்லீங்களா, அதனால படுக்கற ரூமுக்கு இரும்புக் கதவு, சத்தமான சைரன், ரெண்டும் போடலாம்னு இருக்கேன். கதவு போட்டவங்க என்ன செலவாச்சுன்னு சொல்லுங்க. ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்குனா வயசானவங்களால சமாளிக்க முடியுமுங்களா?